சாமி உத்தரவா? ஆசாமி உத்தரவா?

நமது மக்களுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால், அதைத் தீர்த்துக் கொள்ள அவர்கள் போகிற இடங்களை எழுதினால் அதுவே ஒரு பெரிய பஞ்சாங்கமாக ஆகிவிடும். பெண்ணுக்கு எந்த வரனைப் பார்ப்பது, பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது, கிணறு வெட்டுவதா வேண்டாமா, கடையை வைத்திருப்பதா விற்றுவிடுவதா, வைத்தியரிடம் போவதா போகாமலிருப்பதா என்பன போன்ற காரியங்களில் ஒருவனுக்கு வழி தெரியாமல் போனால், அவன் முதலில் போவது கோயிலுக்கு. அங்கே பூக் கட்டிப் போட்டுப் பார்க்கிறான். அதில் திருப்தி இல்லையானால் சாமியாடியிடம் குறி கேட்கிறான். அதுவும் போதவில்லையானால் சோசியன், பிறகு ஏடு பார்ப்பவன், அதற்கும் பிறகு கிளிக்காரன். ஒருவனும் அகப்படாவிட்டால் சுவரில் இருக்கிற பல்லியாவது ஒரு சத்தம் போடாதா என்று காதைத் தீட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கிறிஸ்தவனாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வேதப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் படிக்கிறான். முஸ்லிமாயிருந்தால் பால் கிதாபு பார்க்கிற ஆளைத் தேடிப் போகிறான். மதந்தான் வேறே ஒழிய மடமை ஒன்றுதான்.

இவ்வளவு இடத்திற்கும் நடக்கக் கால் இருக்கிற மனிதன், தன் காரியத்தைப் பற்றி விஷயம் தெரிந்த ஒருவனிடம் போய்க் கேட்பது மாத்திரம் மிக அருமையாக இருக்கிறது. அதைவிட அருமை, அந்தக் காரியத்தினால் யாருடைய வாழ்வு நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகப் போகிறதோ, அவரைக் கேட்பது.

இதை இப்பொழுது எழுத வேண்டி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சென்ற வாரம் ஈரோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்திற்குக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். பகல் சாப்பாடு நமது நண்பர் ஒருவர் வீட்டில். நண்பர் வெகுகாலமாய் இயக்கத்தில் இருப்பவர். கறுப்புச் சட்டை போட்டவர். தமது கலியாணத்தையே புரோகிதன் இல்லாமல், நாள் நட்சத்திரம் பார்க்காமல் செய்து கொண்டவர். அவருக்கு ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருக்கிறாள். நர்ஸ் படிப்புக்குக் கோயமுத்தூருக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டிலோ அவளுடைய தாய்மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு. இந்த இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல், நண்பருடைய தாயாரும் மனைவியாரும் ஊர் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் படிப்பு, சிவப்புப் பூ வந்தால் கலியாணம். இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாய் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விளையாடிக் கொண்டிருந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்களாம். குழந்தை எடுத்தது சிவப்பு. முடிந்தது. பதினேழு வயது வரையில் ஒரு பெண் விளக்கடியில் உட்கார்ந்து படித்த படிப்பெல்லாம், ஐந்து வயதுக் குழந்தையின் கை எந்தப் பக்கம் நீண்டது என்பதில் முடிந்துவிட்டது.

நண்பரைப் பார்த்து, "இது என்ன ஐயா, உமது வீட்டிலா?" என்று கேட்டோம். "வீட்டுப் பொம்பளைங்க காரியம், நான் தலையிடறதில்லைங்க" என்றார். அந்தச் சமயம் தண்ணீர் கொண்டு வந்து வைத்த அந்தப் பெண், "பொட்டலம் ரெண்டு கட்டும்போது என்னைய யாரும் கேக்கலீங்க, பெரியப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாப்பிட்ட சாப்பாடு நமக்குச் செரிக்கவில்லை.

அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தையில் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அம்மன் பதில் சொன்னதாகவே வைத்துக் கொள்வோம். கேள்வி கேட்டது யார்? பொட்டலம் கட்டியது யார்? படிப்பா, கலியாணமா என்று இரண்டே பொட்டலந்தான் என்று தீர்மானித்தது அம்மனா? "படித்து முடித்துப் பிறகு கலியாணம்" என்று மூன்றாவது பொட்டலம் ஒன்று கட்டினால் அம்மன் கோவித்துக் கொள்வாளா? "கலியாணம், ஆனால் தாய்மாமன் மகன் வேண்டாம்" என்று நாலாவது ஒன்று கட்டக்கூடாதென்று எந்த ஆகமம் சொல்லுகிறது? இந்தப் பொட்டலங்கள் கட்டப்படாமல் போனதற்குக் காரணம், கட்டுகிற கைக்கு அவை வேண்டியதில்லை என்பதுதானே ஒழிய வேறென்ன? ஆகவே அம்மன் வாய் திறப்பதற்கு முன்பாகவே முக்கால்வாசித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பாக்கிக் கால்வாசிக்குத்தான் அம்மன்!

அந்தக் கால்வாசியின் யோக்கியதையையும் பார்ப்போம். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் பாதிக்குப் பாதி வெள்ளை வரும், பாதிக்குப் பாதி சிவப்பு வரும். இதற்கு அம்மன் வேண்டியதில்லை. காலணாக் காசைச் சுண்டிவிட்டாலும் இதே கணக்குத்தான். ஊரில் 1,024 பேர் ஒவ்வொருவரும் பத்துத் தடவை பூக் கேட்பதாக வைத்துக் கொள்ளுங்கள். முதல் தடவையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும். அந்தப் பாதியில் பாதிப் பேருக்கு இரண்டாந் தடவையும் பலிக்கும். இப்படியே பாதி பாதியாகக் கழித்துக் கொண்டு போனால், பத்துத் தடவையும் தவறாமல் பலித்த ஆள் ஒருவனாவது மிஞ்சுவான் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒருவன் சும்மா இருப்பானா? "என் அனுபவத்தில் அம்மன் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை" என்று ஊர் ஊராய்ச் சொல்லுவான். அவன் சொல்லுவது பொய்யுமல்ல. பலிக்காத மற்ற 1,023 பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஏனென்றால் பலிக்காததைச் சொன்னால் சாமி குத்தம்! இப்படியாகப் பலித்தவன் வாய் மாத்திரம் திறந்திருக்கிறபடியால் ஊரெல்லாம் பலிப்பதாகவே தோன்றுகிறது.

இதிலும் ஒரு வேடிக்கை. இதே வீட்டார் மூன்று வருஷத்துக்கு முன் தோட்டத்தில் போர்க் கிணறு போட இதே அம்மனிடம் பூக் கேட்டார்களாம். முதலில் சிவப்பு வந்தது. "அம்மன் இன்னும் மனசு இரங்கல" என்று சொல்லி மறுபடி போட்டார்கள். மறுபடியும் சிவப்பு. ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மூன்றாந் தடவை போட்டார்கள். வெள்ளை வந்தது, போர் வண்டிக்குச் சொல்லியனுப்பினார்கள். மூன்று தரம் பூப் போட்டால் எட்டு விதமாக விழலாம். அவற்றில் ஏழு விதத்தில் ஒரு வெள்ளையாவது இருந்தே தீரும். அதாவது வேண்டியது வரும் வரையில் கேட்கத் துணிந்தவனுக்கு எந்தச் சாமியும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. 900 அடி போட்டும் புகைதான் வந்தது என்பது வேறு விஷயம். நாம் கேட்பதெல்லாம், ஆண்பிள்ளையின் கிணற்றுக்கு மூன்று தரம் மனம் இரங்கக் கூடிய அம்மன், பெண்பிள்ளையின் படிப்புக்கு இரண்டாந் தரம் கேட்கப்படாததேன்? கேட்பவர்களுக்கு இரண்டாந் தரம் கேட்க இஷ்டமில்லை. வந்த பதில் அவர்களுக்கு ஒத்ததாயிருந்தது. அவ்வளவுதான்.

இப்படி நாம் சொன்னால், "இதெல்லாம் படிப்பில்லாத பட்டிக்காட்டுப் பெண்கள் செய்வது, படித்தவர்கள், மேல்நாட்டார் செய்வார்களா?" என்று சில தோழர்கள் எண்ணக்கூடும். அதற்காக ஒரு கதை சொல்லுகிறோம். கதையல்ல, நடந்தது. சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பேரால் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியும். மெதடிஸ்ட் கிறிஸ்தவப் பிரிவை உண்டாக்கிய ஜான் வெஸ்லி என்னும் பாதிரியார் ஆக்ஸ்போர்டில் படித்தவர், அங்கேயே போதித்தவர். அவர் 1737ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அப்பொழுது இங்கிலீஷ்காரர் குடியேற்றமாயிருந்த ஜார்ஜியாவில், சவானா என்னும் ஊரில் இருந்தார். அங்கே சோபியா ஹாப்கி என்ற பெண்ணிடம் அவருக்குப் பிரியம் உண்டாயிற்று. கட்டிக் கொள்வதா வேண்டாமா என்று மனம் நிலைகொள்ளாமல், மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் தாமும் ஒரு நண்பருமாக உட்கார்ந்து மூன்று சீட்டு எழுதினார்கள். கட்டிக்கொள் என்று ஒன்று. இந்த வருஷம் அந்த எண்ணம் வேண்டாம் என்று ஒன்று. இனி அந்த எண்ணமே வேண்டாம் என்று ஒன்று. ஜெபம் செய்துவிட்டு நண்பர் ஒரு சீட்டை எடுத்தார். மூன்றாவது வந்தது. கர்த்தர் கட்டளை என்று பாதிரியார் அதற்குப் பணிந்தார். இதை அவரே தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு என்ன ஆயிற்று? சில நாளைக்குள் அந்தப் பெண் வேறொருவரை மணந்து கொண்டாள். கர்த்தர் கட்டளைப்படி இவர் மனம் ஆறியதா? அதுதான் இல்லை. சில மாதங்கள் கழித்து அவளுக்கு ஆலயத்தில் நற்கருணை கொடுக்க மறுத்தார். அவள் கணவன் அவதூறு என்று வழக்குத் தொடர்ந்தான். ஜூரிகள் பாதிரியார் பேரில் குற்றச்சாட்டு எழுதினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் அவர் ஊரை விட்டே கிளம்பும்படியாயிற்று. சீட்டு மூன்று எழுதிய அந்தப் பண்டிதருக்கு, "அந்தப் பெண்ணிடம் போய் அவள் மனதைக் கேள்" என்று ஒரு நாலாவது சீட்டு எழுதத் தோன்றவில்லை! ஆக்ஸ்போர்டு பாதிரியாருக்கும் நமது கிராமத்துக் கிழவிக்கும் இந்த இடத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். கிழவி பூவில் கட்டினாள். அவர் காகிதத்தில் எழுதினார்.

கேள்வியை மனிதன் உண்டாக்குவது போலவே, வந்த பதிலுக்கு அர்த்தத்தையும் மனிதன்தான் உண்டாக்குகிறான். காங்கயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை சுப்பிரமணியசாமி கோயிலில் "ஆண்டவன் உத்தரவுப் பெட்டி" என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தர் கனவில் ஆண்டவன் வந்து, இன்ன பொருளை இந்தப் பெட்டியில் வை என்று சொல்லுவாராம். அவர் கோயிலுக்கு வந்து சொன்னதும், பூப் போட்டுக் கேட்டு உத்தரவானால், பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதுப் பொருளை வைப்பார்கள். பெட்டியில் எந்தப் பொருள் இருக்கிறதோ அது சம்பந்தமாக நாட்டில் ஏதாவது நடக்குமாம். நல்லதாயும் நடக்கலாமாம், கெட்டதாயும் நடக்கலாமாம். விலை ஏறலாமாம், இறங்கவும் செய்யலாமாம்! இதில் தவறுவதற்கு எங்கே வழி இருக்கிறது? மஞ்சளை வைத்தால், மஞ்சள் விலை ஏறினாலும் ஆண்டவன் சொன்னது பலித்தது, இறங்கினாலும் பலித்தது, மஞ்சள் வியாபாரி ஒருவன் கீழே விழுந்து கால் ஒடிந்தாலும் பலித்தது.

பெட்டியில் தண்ணீர் வைத்திருந்தபோதுதான் சுனாமி வந்தது என்று பக்தர்கள் பெருமையாகச் சொல்லுகிறார்கள். நமக்கு இதைக் கேட்டால் பெருமையாக இல்லை, வயிறு எரிகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி காலையில் கடல் பொங்கி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் சுமார் 6,000 பேரைக் கொண்டு போயிற்று. ஆண்டவனுக்கு அது முன்னாலேயே தெரியும் என்றால், காங்கயத்து மலைமேல் ஒரு சொம்புத் தண்ணீரை வைக்கச் சொல்லுவதற்குப் பதிலாக, வேளாங்கண்ணியிலும் அக்கரைப்பேட்டையிலும் உள்ள ஒரு மீனவன் கனவில் வந்து, "அப்பா, இன்று கரையில் நிற்காதே, பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு மேட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கக் கூடாதா? பரிசல்காரனுக்குக்கூட, தண்ணீர் வருகிறது ஓடு என்று சத்தம் போடத் தெரியும். ஆண்டவனுக்கு விடுகதை போடத்தான் தெரியுமா? சர்க்காரே பெட்டியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கடலுக்கடியில் நில நடுக்கத்தை அளந்து சொல்லுவதற்காக ஐதராபாத்தில் 2007ல் சுனாமி எச்சரிக்கை நிலையம் வைத்தார்கள். அந்த நிலையத்தார் ஓர் எச்சரிக்கை தவறினால் ஏன் தவறிற்று என்று யாரும் கேட்கலாம். பெட்டியை அப்படிக் கேட்க முடியுமா?

இந்த விடுகதை வேலையும் நம்மவர்களுக்கு மாத்திரம் சொந்தமல்ல. கிரேக்க தேசத்தில் டெல்பி என்னும் கோயில் குறி சொல்லுவதில் மகா பேர் பெற்றது. லிடியா நாட்டு அரசன் குரோசஸ், பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று பொன்னைக் கொட்டிக் கொடுத்துக் கேட்டான். போனால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று பதில் வந்தது. போனான். கி.மு. 546 வாக்கில் அழிந்தது, அவனுடைய சாம்ராஜ்யமே. குறி தப்பவில்லை என்று கோயில்காரர் சொல்லிவிட்டார்கள். பொன்னையும் திருப்பித் தரவில்லை.

நிற்க. பதில் எப்படியும் வளைக்க முடியாதபடி பச்சையாகப் பொய்த்துப் போனால் அப்பொழுது என்ன சொல்லுவார்கள்? நமது நண்பர் வீட்டுப் போர்க் கிணற்றில் தண்ணீர் வராததற்கு, பூப் போட்ட அன்று கோயிலுக்கு வந்த யாரோ ஒருத்தி தீட்டாயிருந்திருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்களாம். பழி எப்பொழுதும் சாமிக்கு வராது. அது இளைத்தவன் தலையிலோ நம்பாதவன் தலையிலோதான் விடியும். தென் ஆப்பிரிக்காவில் கோசா என்னும் மக்கள் மாடு வளர்த்துப் பிழைத்தவர்கள். 1850ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த மாடுகளோடு ஒரு நுரையீரல் நோய் வந்து அவர்களுடைய மந்தைகள் ஆயிரக்கணக்கில் செத்தன. வெள்ளையரோடு சண்டையில் நிலமும் போயிருந்தது. என்ன செய்வதென்று வழி தெரியாமல் அந்த மக்கள் திகைத்திருந்த சமயத்தில், 1856ல் நொங்கவூசே என்ற ஓர் இளம் பெண், ஆற்றங்கரையில் முன்னோர்களின் ஆவிகள் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள். உள்ள மாட்டையெல்லாம் கொன்றுவிடுங்கள், தானியத்தையெல்லாம் அழித்துவிடுங்கள், செத்தவர்கள் எழுந்து வருவார்கள், புதிய மந்தைகள் வரும், வெள்ளைக்காரன் போய்விடுவான் என்பது வாக்கு. அவளுடைய சிற்றப்பன் அதற்கு அர்த்தம் சொன்னான், அரசன் நம்பினான், ஜனங்கள் கொன்றார்கள். சுமார் 4 லட்சம் மாடுகள் மடிந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறித்த நாள் வந்தது, ஒன்றும் எழவில்லை. உடனே, மாட்டைக் கொல்லாமல் ஒளித்து வைத்தவர்களால்தான் வாக்குப் பொய்த்தது என்று, கொஞ்சம் புத்தியோடு இருந்தவர்கள் மேல் பாய்ந்தார்கள். பட்டினியில் சுமார் 40,000 பேர் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பல்லாயிரம் பேர் வெள்ளைக்காரனிடமே கூலிக்குப் போனார்கள். அவர்கள் நிலத்தையும் அவனே எடுத்துக் கொண்டான். திகைத்து நிற்கிற ஜனங்களுக்கு ஆவி வழி காட்டினால் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதை இதிலிருந்து பார்த்துக் கொள்ளலாம். அந்த மக்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. அவர்கள் கஷ்டம் உண்மையானது. கஷ்டம் உண்மையாயிருப்பதனால்தான் வாக்கு அவ்வளவு சுலபத்தில் விலை போயிற்று.

இனி, "இருந்தாலும் பூக் கேட்பதில் ஒரு மன நிம்மதி இருக்கிறதே, அதை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். யாருடைய நிம்மதி என்று முதலில் கேட்கிறோம். நமது நண்பருக்கு நிம்மதி. படிப்புச் செலவு மிச்சம். பெண்ணின் முகத்தைப் பார்த்து "நான் அனுப்பமாட்டேன்" என்று சொல்லுகிற கஷ்டமும் மிச்சம். எல்லாம் அம்மன் சொல்லிவிட்டாள். மனைவியாருக்கும் மாமியாருக்கும் நிம்மதி. அந்தப் பெண்ணுக்கு? தகப்பன் வேண்டாமென்று சொன்னால் அழுது கேட்கலாம், வாதாடலாம், உபாத்தியாயரைக் கூட்டி வந்து சொல்லச் சொல்லலாம். அம்மன் வேண்டாமென்று சொன்ன பிறகு யாரிடத்தில் போய் அப்பீல் செய்வது? தன் பேரில் செய்யக் கூசுகிற காரியத்தைச் சாமி பேரில் கூசாமல் செய்யலாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே ஒழிய, வழி தெரியாததற்காக அல்ல.

ஜாதகம் பார்ப்பதிலும் இதேதான் நடந்து வந்திருக்கிறது. பத்து வயதிலும் எட்டு வயதிலும் தாலியறுத்து மூலையில் உட்கார்ந்த குழந்தைகளுக்கெல்லாம் பொருத்தம் பார்க்காமலா கலியாணம் செய்தார்கள்? தீர்க்க சுமங்கலியாயிருப்பாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தட்சணை வாங்கிய ஒரு சோசியனாவது, பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டதுண்டா? அவள் தலைவிதி என்று சொல்லிவிட்டார்கள்.

நிம்மதி உயிருக்கே வந்து முடிவதும் உண்டு. இராத்திரியில் வரப்பில் போகிறவனைப் பாம்பு கடித்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதா, மந்திரிப்பவனிடம் போவதா என்று வீட்டார் தடுமாறுகிறார்கள். நமது நாட்டில் மிகுதியாகக் கொல்லுகிற நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருளர்கள் 1978 முதல் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாம்பைப் பிடித்து விஷத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். படிப்பில்லாத காட்டு ஜாதி என்று நாம் ஒதுக்கி வைத்த மனிதர்கள் நம் உயிரைக் காப்பாற்றும் வேலையைச் செய்து கொண்டிருக்க, நாமோ மந்திரிப்பவன் வாசலில் வெற்றிலையும் எலுமிச்சம் பழமும் வைத்துக் கொண்டு உத்தரவுக்கு நிற்கிறோம். விஷம் உத்தரவுக்காக நிற்பதில்லை.

சரி, வழி தெரியாத சமயமே மனிதனுக்கு வருவதில்லையா என்றால், வரத்தான் வருகிறது. அதை நாம் இல்லையென்று சொல்லவில்லை. நமக்கும் வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், நாளை நடப்பது யாருக்கும் தெரியாது, தூக்கம் வராது. அப்பொழுது என்ன செய்வது? அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவர், இடியையும் மின்னலையும் ஆராய்ந்து இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர், 1772ஆம் ஆண்டில் பிரீஸ்ட்லி என்னும் விஞ்ஞானிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போடு. ஒரு பக்கம் செய்யலாம் என்பதற்கான காரணங்களையும், மறுபக்கம் வேண்டாம் என்பதற்கான காரணங்களையும், மூன்று நாலு நாள் வரையில் தோன்றத் தோன்ற எழுதிக் கொண்டே வா. பிறகு ஒரு பக்கத்துக் காரணம் ஒன்றும் மறுபக்கத்துக் காரணம் ஒன்றும் சம எடையாயிருந்தால் இரண்டையும் அடி. ஒன்று இரண்டுக்குச் சமமானால் மூன்றையும் அடி. மிஞ்சுவது எந்தப் பக்கம் என்று பார். அவ்வளவுதான். செலவு ஒரு காகிதம். தேங்காய் பழம் வேண்டியதில்லை. பூசாரிக்குத் தட்சணை வேண்டியதில்லை. இதில் நாம் ஒன்றே ஒன்றைச் சேர்த்துச் சொல்லுவோம்: அந்தக் காகிதத்தை யாருடைய வாழ்வைப் பற்றி எழுதுகிறோமோ அவர் கையில் கொடுத்து முதலில் எழுதச் சொல்ல வேண்டும்.

அப்படி எழுதியும் இரண்டு பக்கமும் சமமாகவே நின்றால், காசைச் சுண்டிப் பாருங்கள். நாம் அதற்குக் கூட விரோதியல்ல. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் சுண்டுகிறார்கள். ஆனால் காசு என்று தெரிந்து சுண்டுங்கள். காசு சொன்னது தப்பாய்ப் போனால் அடுத்த வருஷம் மாற்றிக் கொள்ளலாம். காசு கோவித்துக் கொண்டு கண்ணைக் குத்தாது. காசுக்குப் பரிகாரம் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக நமது தோழர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடையில் கடவுளைத் திட்டுவதில் நமக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் நமது வீட்டு வாசற்படிக்கு உள்ளே நடப்பதற்கு மாத்திரம் "பெண்கள் காரியம்" என்று பேர் வைத்துவிடுகிறோம். அடுப்பங்கரையில் உப்புக் கூடினால் தலையிடுகிற ஆண்பிள்ளை, மகளுடைய வாழ்வைப் பூவில் முடிந்தால் தலையிடமாட்டேன் என்பது எந்தச் சுயமரியாதை? இந்த நண்பரைப் போன்றவர்கள் புரோகிதனில்லாமல் செய்து கொண்ட கலியாணங்கள் செல்லுபடியாவதற்காக இந்த இயக்கம் நாற்பது வருஷகாலம் போராடி, 1967ல் சட்டசபையில் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. அந்த நாற்பது வருஷத்தில் எத்தனை தம்பதிகளைத் தாசி என்றும் வைப்பாட்டி என்றும் ஊரார் பேசினார்கள், எத்தனை பிள்ளைகளின் சொத்துரிமை கோர்ட்டில் ஆட்டங்கண்டது என்பதெல்லாம் நண்பருக்குத் தெரியாததல்ல. அவர் தமது கலியாணத்திற்குப் பூக் கேட்கவில்லை. மனதுக்குப் பிடித்த பெண்ணைக் கேட்டார், அந்த அம்மையாரும் சம்மதம் என்றார், நடந்தது. தமக்கு எடுத்துக் கொண்ட உரிமை தம் மகளுக்கு வரும்போது சிவப்புப் பூ ஆகிவிட்டது.

புறப்படும்போது நண்பரிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் தலையைக் குனிந்து கொண்டு, "யோசிக்கிறேனுங்க" என்றார். அம்மன் சொன்னதற்கு மேல் யோசிக்க ஒப்புக் கொண்டாரே, அதுவரையில் நமக்குச் சந்தோஷமே. பஸ் ஏறும் வரையில் கூடவே வந்தார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவர் வாரந் தவறாமல் நமது பத்திரிகையைப் படிப்பவர். இதையும் படிப்பார். விண்ணப்பம் போடக் கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அந்தப் பெண் பாரத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருக்கிறாள். தகப்பனார் கையெழுத்துக்கு மாத்திரம் இடம் விட்டிருக்கிறது.